நன்றாக வரைந்தால் கணினிக்குப் புரியாதா? குவிக் டிரா விளையாட்டைப் பற்றி

கேள்வி, ஜூன் 8

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவள். 'குவிக், டிரா' என்று ஒரு விளையாட்டு இருக்கிறதே, சொல்லைக் கொடுத்து வரையச் சொல்லும், கணினி கண்டுபிடிக்கும், அதில் ஆறு படத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் அவளுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு ஒரு கோடு நேராக வராது. ஆனால் ஆறும் கிடைக்கிறது. பிள்ளை மனம் நொந்துபோகிறாள். நன்றாக வரைகிறவர்களுக்கு எதிராகவே செய்து வைத்திருக்கிறார்களா?

ஜூன் 8, இரவு 9.40

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். எங்கள் ஹைடெக் லேபில் பிள்ளைகளை இதை விளையாட விட்டு, பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு நடப்பது அவளுக்கு மட்டும் நடப்பதில்லை. வகுப்பில் யார் நன்றாக வரைவார்களோ அவர்கள்தான் இதில் முதலில் திணறுவார்கள்.

ஒரு சொல்லுக்கு 20 விநாடி. பூனை என்று வந்தால் உங்கள் மகள் எங்கே தொடங்குவாள்? முதுகு வளைவில். மெலிதாக ஒரு கோடு, அதைத் தொட்டு இன்னொன்று, கழுத்து எங்கே சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். நேரம் முடியும்போது திரையில் ஓர் அழகான முதுகு இருக்கும். நீங்கள் ஒரு வட்டம் போடுவீர்கள், மேலே இரண்டு முக்கோணம், பக்கத்துக்கு மூன்று மீசை. பாதி நேரம் மிச்சம் இருக்கும்போதே பூனை என்று சொல்லிவிடும்.

கணினிக்குப் பூனையைத் தெரியாது. அவசரத்தில் பூனை வரையச் சொன்னால் உலகத்தில் எல்லோரும் என்ன கிறுக்குகிறார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். கூகுள் இதை 2016 நவம்பரில் வெளியிட்டது. விளையாட வந்தவர்கள் போட்ட கிறுக்கல்களிலிருந்தே அது கற்றுக்கொண்டது. மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பெரியவர்கள் "சும்மா விளையாட்டுதானே, விடு" என்று சொல்வது பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருப்பதே இல்லை. காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஜூன் 8, இரவு 10.15

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். முடிந்த உருவத்தை மட்டும் அது பார்ப்பதில்லை. எந்தக் கோட்டை முதலில் இழுத்தீர்கள், எந்தப் பக்கமாக இழுத்தீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் விரலால் எழுதினால் எழுத்தைக் கண்டுபிடிக்குமே, அந்த நுட்பத்தின் வழியில் வந்தது இது. முதுகில் தொடங்கிய பூனையும் தலையில் தொடங்கிய பூனையும் கடைசியில் ஒரே மாதிரி இருக்கலாம். அதற்கு அவை ஒன்றல்ல.

ஜூன் 9

"படத்தோடு படத்தை ஒப்பிடுகிறது, வேறொன்றும் இல்லை" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட மனமில்லை.

2017இல் கூகுள் இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. 345 சொற்கள், 5 கோடிப் படங்கள், வரைந்தவர்கள் 1.5 கோடிக்கும் மேல். எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒரு கோப்பை இறக்கித் திறந்து காட்டினார். படம் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் விரல் எங்கே வைத்தது, அடுத்து எங்கே போனது, எத்தனையாவது மில்லிவிநாடியில் அங்கே இருந்தது. கூடவே கொடுத்த சொல், வரைந்தவர் இருந்த நாட்டின் குறி, அன்றைக்குக் கணினி கண்டுபிடித்ததா இல்லையா. பெயர் கிடையாது.

அதைப் பார்த்தபிறகு அன்று வேறெதிலும் மனம் போகவில்லை. நாங்கள் முடிந்த படத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். கை எப்படிப் போனது என்று யாருக்குப் பார்க்க நேரம்? ஒரு பெரிய வகுப்பில் மேசை மேசையாக நடந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இங்கே ஒரு படம் என்பதே கை போன வழி. ஒரு பிள்ளை எங்கே தயங்கி நின்றது என்பதுகூட அந்த எண்களில் இருக்கிறது. ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இதிலிருந்து உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு. ஷேடிங் போட வேண்டாம். காகிதத்தில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அது நிழல். இங்கே ஒவ்வொரு தேய்ப்பும் தனியொரு கோடாகப் பதிவாகிறது. யானையின் வயிற்றுக்கு நிழல் கொடுத்த ஒரு பெண்ணிடம் கணினி வேலி, புல், மழை என்று கேட்டுக்கொண்டே போனது. அவள் யானையில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 9, மாலை

ரப்பர் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முழுவதையும் அழிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கோட்டை மட்டும் எடுக்க வழியில்லை.

ஜூன் 11

முதல் பதிலில் "காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்" என்று எழுதினேன். நானே இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதால் இந்தக் குறிப்பு.

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்குப் போய் "இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொன்னாலும் வருவது ஒன்றுதான். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் கதிர். மலையிடுக்கிலிருந்து நெளிந்து வரும் ஆறு. கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை. வானத்தில் நான்கைந்து பறவை, ஒவ்வொன்றும் இரண்டு கோடு. கண்ணுக்கெட்டிய தூரம் வயலே தெரியும் டெல்டா ஊரில் வேலை பார்த்தபோதும் பிள்ளைகள் மலைதான் வரைந்தார்கள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு மலையை இறக்கி வைக்கப் பாடுபட்டதில் போயிருக்கிறது. வெளியே கூட்டிப்போய் உட்காரவைப்பேன். என்ன தெரிகிறது, அதைப் போடு என்பேன். தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் தண்ணீர்த் தொட்டி. பாதியில் நிற்கும் கட்டடம் தெரிந்தால் அது. மெதுவாக மாறுவார்கள். மாறும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது.

அப்படிப் பார்த்து வரையப் பழகிய ஒரு பையன் லேபில் உட்கார்ந்திருந்தான். மரம் என்று சொல் வந்தது. ஜன்னலைப் பார்த்தான். வெளியே வேம்பு. அடிமரம் ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டாகப் பிரிந்து, கிளையிலிருந்து கிளையாக அவன் போய்க்கொண்டிருந்தான். கணினி ஆறு என்றது, மின்னல் என்றது, நேரம் முடிந்துவிட்டது. பக்கத்துக் கணினியில் இருந்த பெண் கீழே இரண்டு கோடு, மேலே மேகம் மாதிரி ஒரு சுற்று. உடனே மரம்.

அதே வகுப்பில் பனிமனிதன் என்ற சொல் வந்தவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள். இரண்டு வட்டம், மேலே ஒரு தொப்பி. எங்கள் பிள்ளைகளில் பனி விழுந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்க்காததைப் போட்டவர்களுக்கு வெற்றி, பார்த்துப் போட்டவனுக்குத் தோல்வி. எனக்கு இது தொண்டையில் நிற்கிறது.

கண்ணுக்கும் கைக்கும் இதில் ஒரு பிணக்கு உண்டு. 1981இல் ஸ்டீபன் பாமர், எலினார் ராஷ், பால் சேஸ் மூவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். பொருட்களை எந்தக் கோணத்தில் காட்டினால் மனிதர் சட்டென்று அடையாளம் காண்கிறார்கள் என்று பார்த்தார்கள். குதிரை போன்றவற்றுக்கு, முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி சற்றுத் திரும்பி நிற்கும் கோணம் நல்லதாக வந்தது. ஓவிய வகுப்பில் நாங்கள் வற்புறுத்துவதும் அந்தக் கோணம்தான். 20 விநாடியில் அதை யாரால் போட முடியும்? எல்லோரும் பக்கவாட்டில் நிற்கும் குதிரை, நான்கு குச்சிக் கால். கணினிக்கும் அதுதான் பழக்கம். கண்ணுக்கு எளிதான கோணம் கைக்குக் கஷ்டம். கைக்கு எளிதானதைத்தான் இந்த விளையாட்டு கற்றிருக்கிறது.

ஜூன் 11, இரவு

வீடும் இப்படித்தான். முக்கோணக் கூரை, நடுவில் கதவு. மொட்டைமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.

ஜூன் 12

"அப்படியானால் பள்ளியில் இதைத் தடுத்துவிட வேண்டியதுதானே" என்கிறார் மதுரை நண்பர். வேண்டாம் சார். அந்த முடிவுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம் பாருங்கள்.

2012இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் ஐட்ஸ், மார்க் அலெக்சா, அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹேஸ் ஆகியோர் ஓவியப் பயிற்சி இல்லாத சாதாரண மக்களிடம் 250 வகைப் பொருட்களை வரைந்து வாங்கினார்கள். மொத்தம் 20,000 படம். அவற்றை வேறு மனிதர்களிடம் காட்டி என்னவென்று கேட்டார்கள். மனிதர்கள் சரியாகச் சொன்னது 73 சதவீதம். நான்கு படத்தில் ஒன்று மனிதருக்கே பிடிபடவில்லை. அவர்களுடைய கணினி 56 சதவீதம் சொன்னது. 2015இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகக் குழுவின் கணினி 74.9 சதவீதத்தைத் தொட்டது. கோடுகள் எந்த வரிசையில் வந்தன என்பதை அவர்களும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இதைப் படித்தபிறகு ஒன்று தெளிவானது. படம் வரைந்து சொல்லவந்ததைச் சொல்வது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலேயே தவறிப்போகிற காரியம். ஒருவர் வரைய மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்கும், 1985இல் ராப் ஏஞ்சல் வெளியிட்ட பிக்‌ஷனரி விளையாட்டில் இருக்கும் சுவையே அந்தத் தவறிப்போவதுதான். ஊரடங்குக் காலத்தில் அதையே இணையத்தில் ஆடும் ஸ்கிரிப்பிள் விளையாடியவர்களுக்கும் தெரியும். எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பார், அவர் தவறாகச் சொன்னால் நாம் வேறு கோணத்தில் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுப் பூனைக்கு வால் பாதிதான் என்பது அவருக்குத் தெரியும், அரை வால் போட்டதுமே சொல்லிவிடுவார். கணினியோடு அந்த உறவு கிடையாது. நான் குறைப்படுவது அந்த இடத்தில்தான். கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் குறை இல்லை.

ஜூன் 15

"எல்லோரும் வரைவது" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அந்த எல்லோரும் யார் என்று சென்னையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இது.

அந்த 345 சொற்களைப் படித்துப் பாருங்கள். பேஸ்பால் உண்டு, பேஸ்பால் மட்டை தனியாக உண்டு. கிரிக்கெட் இல்லை. தேவாலயம் உண்டு, கோயிலும் இல்லை, மசூதியும் இல்லை. வாத்து, பென்குயின், ஆந்தை, கிளி, ஃபிளமிங்கோ, அன்னம் உண்டு. மயில் இல்லை. செம்மறி உண்டு, வெள்ளாடு இல்லை. ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும் உண்டு, மாம்பழம் இல்லை. தெருவில் நிற்கும் தீயணைப்புக் குழாய் உண்டு. எங்கள் பிள்ளைகள் அதை எங்கே பார்த்திருக்கிறார்கள்? தபால்பெட்டி என்று வந்தால் நம் பிள்ளைகள் போடுவது தொப்பி வைத்த உருளை. அமெரிக்காவில் வீட்டு வாசலில் கம்பத்தின்மேல் படுத்திருக்கும் பெட்டி, பக்கத்தில் சின்னக் கொடி.

சொற்பட்டியல் ஒரு பக்கம். வரைந்த கைகள் இன்னொரு பக்கம். வட்டம் என்ற சொல்லுக்கு வந்த படங்களை மட்டும் எடுத்து 2017இல் குவார்ட்ஸ் செய்தித்தளம் ஆராய்ந்தது. 148 நாடுகளிலிருந்து 1,19,000 வட்டம். அவற்றில் கிட்டத்தட்ட 50,000 அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஜப்பானிலிருந்து வந்தவை 800. அமெரிக்கர்களில் 86 சதவீதம் பேர் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தார்கள். ஜப்பானியர்களில் 80 சதவீதம் பேர் கடிகாரம் சுற்றும் பக்கமாக. சின்ன வயதில் எழுத்து எழுதப் பழகிய விதம் கையில் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் காட்டிய காரணம். நம் எழுத்தில் எத்தனை சுழி! இதைப் படிக்கிறவர்கள் யோசிக்காமல் ஒரு வட்டம் போட்டுவிட்டு எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பக்கமும் வந்தது.

கூகுளே ஒன்றை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஷூ என்ற சொல்லுக்கு வந்த 1,15,000க்கும் மேற்பட்ட படங்களில் விளையாட்டு ஷூ மாதிரி ஒரே வடிவம்தான் நிறைந்திருந்தது. கணினியும் அந்த வடிவத்தை மட்டும் ஷூ என்று கற்றுக்கொண்டது. குதிகால் உயர்ந்த ஷூவைப் போட்டவர்களுக்கு அது பிடிபடவில்லை. குதிகால் ஷூ தவறென்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. குறைவாக வந்தது, அதனால் இல்லாததாகிவிட்டது. ஆகவே அக்கா, "எல்லோரும்" என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் "முதலில் வந்து அதிகம் வரைந்தவர்கள்" என்று படித்துக்கொள்ளுங்கள். இனிமேல் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் 16

கோலத்தை இதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அதே அக்கா கேட்கிறார். இழை கொஞ்சம் விலகுகிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு ஆசை.

கூகுளுக்கெல்லாம் வெகு முன்னால், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தைக் கணினிக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1974இல் அந்தக் கட்டுரை வந்தது. ஒரு சின்னக் கோலத்திலிருந்து அடுத்த அளவுக் கோலம் எந்த விதிப்படி வளர்கிறது என்பதை இலக்கணமாக எழுதினார்கள். வாசலில் உட்கார்ந்து கோலம் போடும் பெண்களின் கையில் இருந்த ஒழுங்கை ஓர் அறிவாக மதித்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் ஓவியம் கற்றுத்தரும் ஒவ்வொருவரும் அந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே விதியைக் கண்டுபிடித்து எழுதினார்கள். இங்கே லட்சக்கணக்கான படங்களைக் கொட்டி, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணினியையே தேடவிடுகிறார்கள். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் கோலம் மூடாது, அது தவறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த விளையாட்டில் தவறு என்று ஒன்று இல்லை. அதிகம், குறைவு, அவ்வளவே.

ஜூன் 20

மறுபடி யோசித்ததில் தோன்றியது இது. ஜூன் 11 குறிப்பைப் படித்துவிட்டு இதையும் கட்டாயம் படியுங்கள்.

எந்த வகுப்பிலும் ஒரு கூட்டம் உண்டு. "எனக்கு வரைய வராது சார்." ஆறாம் வகுப்பிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். நோட்டைத் திறக்கமாட்டார்கள், திறந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் போட்டுத்தரச் சொல்வார்கள். அப்படி ஒரு பையன். என் வகுப்பில் அவன் ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. இந்த விளையாட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நாற்காலி, குடை, சாவி, பாம்பு, எல்லாம் கிடைத்தது. "சார், இதுக்குத் தெரியுது சார்" என்றான். நான் போட்டதும் படம்தான், வேறொருவருக்குப் புரிகிற படம், என்று அவனுக்கு முதன்முதலில் தெரிந்தது அன்றைக்குத்தான். 20 விநாடி என்பது நன்றாக வரைகிறவருக்குத் தண்டனை. பயந்தவருக்கு அதுவே பெரிய உதவி. பயப்படவே அதில் நேரம் இல்லை.

அதற்கடுத்த வாரம் நோட்டில் குடை போட்டான். அதே குடை, பாதி வட்டமும் ஒரு கொக்கியும். நான் நிஜக் குடை ஒன்றை விரித்து மேசையில் வைத்தேன். கம்பிகளை எண்ணிப் பார்த்தான். அங்கிருந்து எங்களுக்கு ஒரு வழி திறந்தது. குறியீடாகப் போடும் படத்தை நான் இத்தனை வருடம் எதிரியாகவே நினைத்திருந்தேன். இப்போது அது முதல் படி என்று நினைக்கிறேன். அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் இதயம் போடுவதும், சாலையில் பள்ளி இருக்கிறது என்று பலகை வைப்பதும் அந்தப் படிதானே? அந்த மலையும் சூரியனும்கூட அப்படித்தான். அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

அந்தப் பறவைகளைப் பற்றி ஒன்று. பட்டியலில் விலங்குகளின் வலசை என்று ஒரு சொல் இருக்கிறது. 20 விநாடியில் வலசை! ஒரு பெண் கொஞ்சமும் தயங்காமல் இரண்டு கோட்டுப் பறவைகளை வரிசையாகப் போட்டு ஒரு அம்புக்குறி போட்டாள். கண்டுபிடித்துவிட்டது. அந்த மலைப் படத்தில் நான் பல வருடம் அடித்துத் திருத்திய அதே பறவைகள்.

ஜூன் 23

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரித்துத் தீராது. இந்தப் படங்களை வைத்து 2017இல் டேவிட் ஹா, டக்ளஸ் எக் என்ற இரண்டு கூகுள் ஆய்வாளர்கள் ஸ்கெட்ச்-ஆர்என்என் என்று ஒன்றைச் செய்தார்கள். அது கண்டுபிடிக்காது, தானே வரையும். பூனைப் படங்களை மட்டும் காட்டிப் பழக்கிய கணினியிடம் மூன்று கண் பூனையைக் கொடுத்து இதே மாதிரி போடு என்றார்கள். இரண்டு கண்ணோடு திருப்பித் தந்தது. பன்றிகளில் பழகியதிடம் எட்டுக் கால் பன்றியைக் கொடுத்தார்கள். நான்கு கால் வந்தது. லாரியைக் கொடுத்தால் லாரி மாதிரி ஒரு பன்றி.

சிரித்து முடித்தபின் ஒரு பெண் கேட்டாள்: "நிஜமாவே மூணு கால்ல ஒரு நாய் இருக்கே சார், எங்க தெருவுல. அதைக் கொடுத்தா?" நான்காவது காலை இதுவே போட்டுவிடும் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். அந்த நாயை அவள் வரைந்து கொண்டுவந்தாள். இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஜூன் 29

இப்போது நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். வேறு ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள்.

முதல் சுற்று சும்மா விளையாட்டு. ஆறு படம் முடிந்ததும் எந்தப் படத்தையும் தொட்டால் அதே சொல்லுக்கு மற்றவர்கள் போட்டது வரிசையாக வரும். நான் நிறுத்தச் சொல்வது அங்கேதான். எல்லோரும் எதைப் போட்டிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று எழுதச் சொல்வேன். சைக்கிளா, எல்லாவற்றிலும் இரண்டு சக்கரம் இருக்கும். சங்கிலி எத்தனையில் இருக்கிறது? பெடல்? பிறகு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் அந்த விட்டுப்போனவற்றை மட்டும் வரைய வேண்டும். சங்கிலி, பெடல், பூட்டு, கேரியர் கம்பி. பிள்ளைகள் இவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசிச் சுற்று அவர்களுக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும், கணினி கண்டுபிடிக்கக் கூடாது. அப்படி வரை. எளிதில்லை, முயன்று பாருங்கள். வெறுமனே கிறுக்கினால் நண்பருக்கும் புரியாது. நன்றாகத் தெரிந்த குறியீட்டைப் போட்டால் கணினி முந்திக்கொள்ளும். யானை என்ற சொல்லுக்கு ஒருவன் நெற்றிப்பட்டமும் மணியும் ஒரு கண்ணும் மட்டும் போட்டான், தும்பிக்கை இல்லை, உடம்பு இல்லை. வகுப்பே கத்தியது. படுக்கைக்கு ஒரு பெண் தூக்கத்தில் போர்வையை உதறின கால்களைப் போட்டாள். வீட்டுக்கு ஒருத்தி வாசல்படியும் அதில் கழற்றிவிட்ட நாலு ஜோடிச் செருப்பும் போட்டாள். நான் கற்றுக்கொடுக்க நினைத்ததை அவர்களே எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

உங்கள் மகளை இந்தக் கடைசிச் சுற்றில் உட்காரவையுங்கள். அவள் பார்த்துப் பழகிய கண் இங்கே வேலைக்கு வரும்.

ஜூலை 3

நடைமுறை விஷயங்கள் கேட்டவர்களுக்கு. மவுஸைவிட விரலால் தொடுதிரையில் போடுவது எளிது. சின்னப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கும் சிரமமே பாதி நேரத்தைத் தின்றுவிடும், அவர்களுக்குக் கைப்பேசியோ டேப்லெட்டோ கொடுங்கள். வேண்டுமானால் ஒரே சொல்லை முதலில் காகிதத்தில் போட்டுவிட்டுப் பிறகு திரையில் போடச் சொல்லுங்கள், கை எங்கே மாறுகிறது என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. போடும் படங்கள் சேமிக்கப்பட்டு மற்றவர்களுக்கும் காட்டப்படலாம். பிள்ளைகள் குறும்புக்கு அந்தத் திரையில் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதுவார்கள். எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேமித்த படங்களைச் சொல்வாரியாகக் காட்டும் கூகுள் பக்கத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துகாட்டுவதாக இருந்தால், எந்தச் சொல்லைக் காட்டப் போகிறீர்களோ அதை நீங்கள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிடுங்கள். வடிகட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ஆபாசமாக ஏதாவது தப்பி நிற்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் படத்தைத் தேர்ந்து கொடிக்குறியை அழுத்தினால் புகார் போய்விடும்.